லாங் ரோலில் ஒரு வரி

பட்டாளத்துக்காரரைப் பையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். மற்றவர்கள் காகிதங்களை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருவார்கள். இவர் ரெக்ஸின் பையைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் துண்டு, துண்டுக்குள் டிஸ்சார்ஜ் புக். அதை வைப்பதற்கு முன் என் மேசையைத் துடைக்கச் சொல்வார். சொல்வதும் உத்தரவு மாதிரிதான் இருக்கும்.

பங்காருபேட்டை தாலுக்கா ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஜாப் டைப்பிங் மேசை போட்டுப் பிழைக்கிறவன் நான். ஆங்கிலத்துக்கு ஒரு மெஷின், கன்னடத்துக்கு ஒரு மெஷின், பிற்பாடு கன்னட எழுத்துக்கு ‘நுடி’ ஏற்றிய கம்ப்யூட்டர். வீட்டில் தமிழ், மேசையில் கன்னடம், பட்டாளத்துக்கு எழுதினால் ஆங்கிலம். கோலார் தங்கவயல் தனித் தாலுக்காவாகப் பிரியும்வரை ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் ஆட்கள் எல்லாரும் வருவாய்த்துறைக் காரியத்துக்கு இங்கேதான் வரவேண்டும். தங்கத்துக்காக 1894இல் போட்ட மாரிகுப்பம் கிளைப்பாதையில் ரயில் பிடித்து வருவார்கள். 2001 பிப்ரவரி 28இல் மைன் மூடிய பிறகு கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. வேலை போன ஊரில் மனு எழுதுகிறவனுக்கு வேலை அதிகம்.

என்னிடம் வந்தவர்களில் நான் தனிக் கட்டாக வைத்திருந்தது இரண்டாவது உலக யுத்தத்துக்காரர்களின் காகிதங்களை. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் அவர்கள் அறுபதுகளில் இருந்தார்கள். முதல் யுத்தத்து ஆள் ஒருவர்கூட என் மேசைக்கு வந்ததில்லை. பஸ்ரா போய் வந்த அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த மகள்கள் உண்டு. கையில் காகிதம் எதுவும் இல்லாமல் வந்தார்கள். நானும் எதுவும் எழுதித்தர முடியவில்லை.

இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்கு ஏன் போனார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வட ஆற்காடு, சித்தூர் பக்கத்துப் பஞ்சத்தில் கிளம்பி ஜான் டெய்லர் கம்பெனியின் மைனுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். லைன் வீட்டில் ஒரே அறைக்குள் எட்டுப் பேர். எழுபது கிலோமீட்டரில் பெங்களூர், அங்கே அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சப்பர்ஸ். பாறையில் துளை போடவும், மருந்து அடைக்கவும், பூமிக்கு அடியில் மரம் முட்டுக் கொடுக்கவும் தெரிந்த வீட்டுப் பையனை சப்பர்கள் விடுவார்களா? மற்றவர்கள் பயனியர் கம்பெனியில் மண் சுமந்தார்கள், சர்வீஸ் கோரில் லாரி ஓட்டினார்கள், சமையற்காரராகப் போனார்கள். மணிப்பூர் ரோடு என்று அவர்கள் சொன்ன இடம் எது என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. திமாப்பூர் ரயில் நிலையத்தின் அந்தக் காலத்துப் பெயர் அது. பர்மா எல்லைக்குச் சாமான் இறங்கிய இடம்.

அந்த யுத்தத்தில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். கட்டாயப்படுத்திச் சேர்த்த படையல்ல, தானாகப் போய்ச் சேர்ந்தவர்கள் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். பசியைக் கட்டாயத்தில் சேர்க்காவிட்டால் அது உண்மைதான்.

1946இல் படையைக் குறைத்தபோது இவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொஞ்சம் பணம், ரயில் வாரண்ட், டிஸ்சார்ஜ் புக். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் பதினைந்து வருஷ சர்வீஸ் வேண்டும். நாலு வருஷம், ஐந்து வருஷம் யுத்தம் பார்த்தவனுக்கு ஒன்றும் கிடையாது. திரும்பி வந்து மைனில் இறங்கினார்கள். அதில் வந்த பி.எஃப். பணமும் நெஞ்சுச் சளியும்தான் அவர்களுடைய முதுமைக்கால ஆஸ்தி.

பின்னாளில் மாநில அரசுகள் பென்ஷன் இல்லாத யுத்தகாலச் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாதாமாதம் உதவித்தொகை என்று ஆரம்பித்தன. முன்னாள் படைவீரர் நலனுக்கான சைனிக் போர்டு வழியாக மத்திய அரசின் வறுமை உதவி ஒன்றும் உண்டு. அவில்தார் பதவி வரையில் இருந்து, பென்ஷன் இல்லாமல், 65 வயது கடந்தவர்களுக்கு. கொடி நாள் நிதியிலிருந்து தருகிறார்கள். 2017இல் மாதம் 4,000 ரூபாய் ஆனது, 2025 நவம்பரில் 8,000. பணம் இருக்கிறது, விதி இருக்கிறது, ஆளும் இருக்கிறார். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்ட ஒரு காகிதம் வேண்டும். அங்கேதான் என் தொழில் ஆரம்பமாகும்.

பென்ஷன் இல்லாமல் போனவரின் சர்வீஸ் ஃபைலை ரெக்கார்ட் ஆபீஸ் 25 வருஷம் வைத்திருக்கும். அப்புறம் அழித்துவிடும். அது ராணுவ விதி. 1946இல் வெளியே வந்தவருக்குக் கணக்குப் போட்டால் 1971. உதவித்தொகை கேட்டு இவர்கள் என்னிடம் வரும்போது அந்த ஃபைல்கள் சாம்பலாகி வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அரசாங்கம் தன் பிரதியை அழித்துவிட்டு, கிழவரிடம் அவருடைய பிரதியைக் கேட்டது. கேட்டால் கோபம் வருகிற விஷயம்தான். ஆனால் கோபத்தை மனுவில் டைப் செய்தால் ஃபைல் நகராது. அந்தத் துண்டுக்குள் சுற்றிய டிஸ்சார்ஜ் புக்கை நான் பணிவோடு தொட்டதற்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல. பல பேருக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் சாட்சி.

புக் தொலைந்தவர்களுக்கு ஒரே வழி லாங் ரோல். ஒவ்வொரு ரெக்கார்ட் ஆபீசிலும் சேர்ந்தவர்கள் பெயரை வரிசை நம்பரோடு எழுதிய பெரிய பேரேடு. அதை அழிப்பதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வரி: நம்பர், பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த நாள், போன நாள். எங்கள் அதிர்ஷ்டம், சப்பர், பயனியர், சர்வீஸ் கோர் மூன்றுக்கும் பெங்களூரிலேயே ரெக்கார்ட் ஆபீஸ். சப்பர் ஆபீசுக்கு ‘பெங்களூர்-42’ என்று கவர்மேல் டைப் செய்யும்போது விரல் தானாக ஓடும். ஆனால் லாங் ரோலில் தேடப் பெயர் போதாது, நம்பர் வேண்டும். பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நம்பர் தெரிவிக்கவும் என்று பதில் வரும். நியாயமான பதில்தான்.

மாரிகுப்பத்துப் பெரியவர் ஒருவருக்கு மழையில் ஓட்டுக்கூரை ஒழுகி டிரங்குப் பெட்டியோடு எல்லாம் கூழாகிவிட்டது. நம்பர் என்ன என்று கேட்டேன். நாலு இலக்கம் சொன்னார், மீதி வரவில்லை. “பொண்டாட்டி பேரு மறந்தாலும் மறக்கும், நம்பரு மறக்காதுன்னு சொல்லுவாங்க. எனக்கு நம்பரு போச்சு, பொண்டாட்டி பேரு நெனப்புல கீது” என்றார். பக்கத்தில் நின்ற பாட்டிக்கு இதில் பெருமையா வருத்தமா தெரியவில்லை.

“மெடல் ஏதாச்சும் இருக்கா, ஐயா?”

இருந்தது. பேரன் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தான். யுத்தப் பதக்கம், வெள்ளை நிறம், ஒருபக்கம் ராஜா தலை. பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்த இரண்டாவது யுத்தப் பதக்கங்களில் பெயர் இருக்காது. இந்தியர்களுக்குக் கொடுத்ததில் விளிம்பில் நம்பரும் பெயரும் பதித்துக் கொடுத்தார்கள். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர். வெள்ளைத் தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலால் தேய்த்தோம். எழுத்து எழுத்தாக மேலே வந்தது. ஒரு இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று தெளிவில்லை. இரண்டையும் எழுதி, தேய்த்த தாளையும் இணைத்து அனுப்பினேன். எட்டுதான் என்று ரெக்கார்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. லாங் ரோலில் அவர் வரி பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து, மெடலைப் பாலிஷ் போடாதீர்கள், விளிம்பு தேயும் என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

அடுத்த தலைவலி பெயர். பட்டாளத்து எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய முனுசாமி, ரேஷன் கார்டில் கன்னடத்து முனிஸ்வாமி, மைன் கம்பெனி அட்டையில் வெறும் முனி. மூவரும் ஒருவரே என்று ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட், நோட்டரி முத்திரை. ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் என்று எங்கள் வரிசையில் சொல்வோம். தகப்பன் பெயரும் இதேபோல மூன்று விதமாக இருந்தால் ஒரே பேப்பரில் இரண்டு தலைமுறையையும் சேர்த்துக் கட்டவேண்டியிருக்கும்.

வயதுக் கதை இதைவிட ருசி. டிஸ்சார்ஜ் புக்கில் பிறந்த தேதி இருக்காது. சேர்ந்த நாளில் பார்வைக்குத் தெரிந்த வயது என்று ஒரு கட்டம் இருக்கும். அதிகாரி முகத்தைப் பார்த்து, மார்பளவு எடுத்து, பையன் சொன்னதையும் கேட்டு எழுதியது. பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்றான். யுத்தம் முடிந்து மைனில் சேர வந்த அதே ஆள், அங்கே நாலு வயது குறைத்துச் சொன்னான். ரிட்டயர்மெண்ட் தள்ளிப்போகும் அல்லவா? ஆக ஒரே உடம்புக்குப் பட்டாளத்து வயது ஒன்று, கம்பெனி வயது ஒன்று, உண்மை வயது என்று ஒன்று எங்கோ நடுவில். சர்வீஸில் நீடித்துப் பென்ஷன் வாங்கிய சிலருக்கு இது முக்கியமான கேள்வியானது. 80 வயதானால் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, 100 தாண்டினால் இன்னொரு முழுப் பென்ஷன். பென்ஷன் பட்டாளத்துக் காகிதத்தைப் பார்த்துத்தான் நடக்கும். பதினாறு வயதில் சொன்ன பொய் எண்பதில் வட்டியோடு திரும்பி வந்தது.

ஒரு சுபேதாரிடம் கேட்டேன், “உண்மையில் என்ன வயசு சார்?”

“கவர்மெண்டு கேட்டா எண்பத்தஞ்சு. எமன் கேட்டா எண்பது” என்றார்.

மேசைக்கு முன்னால் ஒரு மர பெஞ்சு உண்டு. அதில் சில வருஷம் இரண்டு பேர் சேர்ந்தே வந்து உட்காருவார்கள். ஒருவர் சப்பர். சிந்த்வின் ஆற்றில் கலேவாவில் 1944 டிசம்பரில் 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் போட்டார்கள், அப்போதைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம். அதில் பேனல் தூக்கிய கை என்று தோளைக் காட்டுவார். இன்னொருவர் சிங்கப்பூரில் பிடிபட்டவர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்து, இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றவர். அப்புறம் நேதாஜியின் ஐ.என்.ஏ. யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரன் இவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தான். வெள்ளை என்றால் மறுபடி சேர்த்துக்கொள்வான். மற்ற இருவகைக்கும் வீடுதான், கறுப்புக்குச் சம்பளப் பாக்கியும் போச்சு. “நான் கறுப்பு” என்று அவர் சொல்வதில் ஒரு மிடுக்கு இருக்கும்.

1944இல் இம்பால் பக்கத்தில் இவர்கள் இருவரும் எதிரெதிர்ப் படைகளில் இருந்தவர்கள். என் பெஞ்சில் ஒரே கிளாஸ் டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தார்கள். ஆனால் காகிதத்தில் இருவர் நிலையும் வேறு. ஐ.என்.ஏ.காரருக்கு 1972 ஆகஸ்ட் 15 முதல் சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டம் வந்தது. அதிலும் லேசில்லை, சிறைவாசத்துக்கு ஆதாரமில்லையென்றால் கூட இருந்த கைதி சான்று கொடுக்கவேண்டும், கூட இருந்தவர்களோ தஞ்சாவூரிலும் பினாங்கிலும் இருப்பார்கள். எப்படியோ அவருக்குக் கிடைத்தது. கடைசிவரை உத்தரவை மீறாத சப்பருக்கு அந்த வயதில் ஒரு பைசா கிடையாது. இதில் அநியாயம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், ஐ.என்.ஏ.காரருக்குக் கொடுத்தது சரி, சப்பருக்குக் கொடுக்காதது தப்பு என்பேன். சுதந்திர இந்தியாவுக்கு அந்த யுத்தத்துச் சிப்பாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவன் என்று ஒதுக்கவும் முடியவில்லை, அதே ரெஜிமெண்டுகளைத்தான் காஷ்மீருக்கு அனுப்பினார்கள். கொண்டாடவும் மனமில்லை. 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியில் மிக்னானோ பக்கத்தில், வெடிக்கப்போன கண்ணிவெடிமேல் விழுந்து தன் கூட்டாளிகளைக் காப்பாற்றி உயிரைவிட்ட மெட்ராஸ் சப்பர் சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் கிராஸ் பெற்றவர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? என் மேசைக்கு வந்த சப்பர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சமையற்காரர்கள் விஷயம் தனி. சமையல், சலவை, சவரம், துப்புரவு வேலைக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை என்.சி.இ. என்பார்கள், சண்டை போடாத பிரிவு. இவர்கள் விண்ணப்பம் வந்தாலே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சந்தேகம்: இவர் ராணுவ வீரரா, வேலைக்காரரா? முன்னாள் படைவீரர் என்பதற்கு அரசாங்கம் 1979இல் போட்ட விதி, சண்டைப் பிரிவோ சண்டையில்லாப் பிரிவோ, எந்தப் பதவியில் இருந்தவரானாலும் என்றுதான் சொல்கிறது. இந்த வாசகத்தை மனுவின் இரண்டாவது பத்தியில் கேட்காமலே சேர்த்துவிடுவேன். முதல் உலக யுத்தத்தின் கடைசிச் சேவையாளர் என்று உலகமே ஏற்றுக்கொண்டது யாரை? 2012 பிப்ரவரி 4இல் இங்கிலாந்தில் இறந்த ஃப்ளாரன்ஸ் கிரீன் என்ற பெண்மணியை. விமானப்படை அதிகாரிகளின் மெஸ்ஸில் சாப்பாடு பரிமாறியவர். அதற்கு முந்தின வருஷம் ஆஸ்திரேலியாவில் கிளாட் சூல்ஸ் இறந்தபோது சண்டை பார்த்த கடைசி ஆள் போனார். மொத்தத்தில் கடைசி ஆள் மெஸ்காரர். பங்காருபேட்டைக் கணக்கில் அந்த அம்மா என்.சி.இ.தான். தட்டு கழுவினாரா, துப்பாக்கி பிடித்தாரா என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. பெயர் பதிவேட்டில் இருந்தது, போதும்.

கடைசி ஆள் என்று பத்திரிகையில் படம் போடும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். கடைசி ஆள் என்றால் காகிதம் இருக்கிற கடைசி ஆள். ஆண்டர்சன்பேட்டைச் சந்தில் இன்னொருவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கலாம், லாங் ரோலில் அவர் வரியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

2014 நவம்பருக்குப் பிறகு தொழில் மாறியது. வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று பேங்க் மேனேஜர் முன்னால் போய் நின்ற காலம் போய், ‘ஜீவன் பிரமாண்’ என்று விரல்ரேகை வைத்து நிரூபிக்கும் காலம் வந்தது. நானும் ஒரு ரேகைக் கருவி வாங்கினேன். யுத்தத்துக்கு அப்புறம் முப்பது வருஷம் டிரில் பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? கருவியில் வைத்தால் சிவப்பு விளக்கு. வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்போம். மோதிர விரல் சில சமயம் கைகொடுக்கும், அதில் உராய்வு குறைவு. ஒரு பேங்கில், ரேகை விழாததால் உயிரோடு இருப்பது உறுதியாகவில்லை என்று ஒருவரிடம் முகத்துக்கு எதிரே சொன்னார்கள். அவர் தொண்ணூறு தாண்டியவர். அட்டென்ஷனில் நின்று தன் நம்பரையும் ரேங்கையும் பேங்க் அதிரும்படி சத்தமாகச் சொன்னார். அன்றைக்குப் பழைய முறையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். 2021 கடைசியில் முகத்தைப் படம் பிடித்தே சான்று தரும் வசதி வந்தது. நல்ல காரியம். ஆனால் கண் சிமிட்டச் சொல்கிறது, கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு எப்போது சிமிட்டவேண்டும் என்று தெரிவதில்லை.

2019 மார்ச்சில் இரண்டாவது உலக யுத்தத்துக்காரர்களையும் ராணுவ மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸில் சேர்க்க உத்தரவு வந்தது. யுத்தம் முடிந்து எழுபத்து நாலு வருஷம் கழித்து. அந்த விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 1945இல் பதினெட்டு வயது என்றால் 1927இல் பிறந்தவர். நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இப்போது வருகிறவர்கள் விதவைகள், அதற்கடுத்து மகள்கள். பென்ஷன் வாங்கிய சிப்பாயின் கல்யாணமாகாத, கணவனை இழந்த, விவாகரத்தான மகளுக்கு, வருமானம் வரம்புக்குள் இருந்தால், வயதான பிறகும் குடும்ப பென்ஷன் உண்டு. இது எத்தனை தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர்களுடைய உள்நாட்டு யுத்தம் முடிந்தது 1865இல். அதில் இருந்த ஒரு சிப்பாயின் மகள் ஐரீன் டிரிப்லெட், மாதம் 73 டாலர் 13 செண்ட் வாங்கிக்கொண்டிருந்தவர், 2020 மே 31இல் இறந்தார். அன்றோடுதான் அந்த யுத்தத்தின் பென்ஷன் கணக்கை மூடினார்கள். தகப்பன் எண்பது வயதைத் தாண்டி இளம் மனைவியிடம் பெற்ற பெண். நம் பக்கத்திலும் மனைவியைப் பறிகொடுத்து, காலம் தாழ்ந்து மறுமணம் செய்தவர்கள் உண்டு.

போன மாதம் ஊர்காமிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். யுத்தத்தில் சேர்ந்து, 1960களில் பென்ஷனோடு வெளிவந்த அவில்தாரின் கடைசி மகள், கல்யாணமாகாதவர், அறுபது கடந்தவர். அம்மா இறந்ததோடு பென்ஷன் நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் புக்கை அதே மாதிரி கவருக்குள் கவர், துண்டுக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மேசையைத் துடைக்கச் சொல்லவில்லை, தானே முந்தானையால் துடைத்தார். புக்கில் மூத்தவர்கள் மூன்று பேர் பெயர் இருக்கிறது, இவர் பெயர் இல்லை. இவர் பிறந்தபோது அப்பா, குடும்ப விவரம் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ஏற்றச் சொல்லி எழுதிப் போடவில்லை. அல்லது போட்டது வழியில் நின்றிருக்கும். பட்டாளத்தைப் பொறுத்தவரை பார்ட் டூ ஆர்டரில் வராத பிள்ளை பிறக்கவேயில்லை.

“பள்ளிக்கூட டிசி இருக்காம்மா? அதில் அப்பா பேர் இருக்கணும்.”

“ஆறாங்கிளாஸ் வரைக்கும் படிச்சேன் சார். ஸ்கூலு இப்ப கீதான்னே தெரியல.”

பள்ளி மூடினாலும் அட்மிஷன் ரிஜிஸ்டர் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கும். பி.இ.ஓ. ஆபீசுக்கு ஒரு மனு, நகல் கேட்டு. அது வந்தால் ஒன் அண்ட் சேம், ஏனென்றால் அப்பா பெயரை அங்கே கன்னடத்தில் எப்படி எழுதியிருப்பார்களோ. அப்புறம் கல்யாணமாகவில்லை என்று தாசில்தார் சான்று, வருமானச் சான்று, பெங்களூர்-42க்குக் கவரிங் லெட்டர். முதல் மனுவை அன்றைக்கே டைப் செய்து கொடுத்துவிட்டேன். மற்றதற்கு அடுத்த வாரம், மூன்று பாஸ்போர்ட் போட்டோவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.